சிக்னல் கோடு நிறைந்திருந்தும் அழைப்பு ஏன் போகவில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற புயல் எச்சரிக்கை விலகிய மறுநாள், கடை திறந்ததுமே ஓர் அம்மா வந்து கைபேசியை மேசைமேல் வைத்தார். "ரேயூனியன் தீவில் மகள் தனியாக இருக்கிறாள். இரவெல்லாம் அழைத்தேன், போகவே இல்லை. கோடு நான்கும் நிறைந்துதான் இருந்தது" என்றார். அவருடைய சிம்மை எங்கள் கைபேசியில் போட்டோம். எங்கள் சிம்மை அவருடையதில் போட்டோம். இரண்டும் நன்றாகவே பேசின. அன்று இன்னும் சிலர் புதுக் கைபேசி வாங்கப் பணத்தோடு வந்தார்கள். விற்க மனம் வரவில்லை.

கோபுரத்தின் அலை எவ்வளவு வலுவாக எட்டுகிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டும். கோபுரத்தில் உங்களுக்கு இடம் மிச்சமிருக்கிறதா என்று காட்டாது. நம் மொரீஷியஸில் மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தால் எபேன் பகுதி அலுவலகங்கள் வெறிச்சோடிவிடும். எல்லோரும் ரோஸ் ஹில், கத்ர் போர்ன் வீடுகளில் அடைந்து ஒரே நேரத்தில் உறவினர்களை அழைப்போம். அழைப்புகளைக் கையாள ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனித்தனிக் கருவி வைத்த பழைய அமைப்பில், எபேன் கருவி சும்மா கிடக்க, நம் தெருக் கருவி திணறும்.

இதற்கு வழி இருக்கிறது. கருவிகளை ஒரு பொது அறையில் சேர்த்து, கண்ணாடியிழைக் கம்பியால் கோபுரங்களோடு இணைத்துவிட்டால், நெரிசல் உள்ள பக்கத்துக்குக் அவற்றின் கணக்கிடும் திறனைத் திருப்பலாம். இடையில் தரவை வழிமாற்றிவிடும் சுவிட்சு எனும் கருவிகள் தாமாக முடிவெடுப்பதையும் மாற்றி, எந்தத் தரவு எந்த வழியில் போகவேண்டும் என்பதை ஒரே கட்டுப்பாட்டு மென்பொருளிடம் விடலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2008இல் முன்வைத்த ஓபன்ஃப்ளோ என்ற நெறிமுறை இந்த யோசனைக்கு வலுவூட்டியது. இப்படி மென்பொருளால் வலையமைப்பை ஆள்வதைத்தான் எஸ்டிஎன் என்கிறார்கள். 5ஜி தரத்தில் ஒரே வலையமைப்பைப் பகுதிகளாகப் பிரித்து, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் ஒரு பகுதியை ஒதுக்கிவைக்கவும் முடியும். புயல் அடிக்கும் தீவில் இதைவிட அவசரமான வேலை எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் மென்பொருள் புதிய அலைக்கற்றையை உண்டாக்காது. மின்சாரம் போய், கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்தால் எதுவும் செய்ய இயலாது.

இது நிறுவனங்கள் செய்யவேண்டிய மாற்றம். உங்கள் நிறுவனத்திடம், "புயல் இரவில் நெரிசலை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று தவறாமல் கேளுங்கள். அதுவரை, அழைப்பு போகாதபோது குறுஞ்செய்தி அனுப்புங்கள். அது காத்திருந்து, வழி கிடைத்ததும் போய்ச் சேரும். கைபேசியை மாற்றுமுன் எங்களிடம் கொண்டுவாருங்கள். சிம்மை மாற்றிப் பார்க்கக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் கைபேசிக் கடையார், ரோஸ் ஹில்