"சினிமாவில் இல்லாததா?" என்பது பதிலாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்களைக் கேவலமாகச் சொல்லும் வரிகளைப் பற்றிக் கேட்டால், நம் இளம் ராப் பாடகர்கள் பலரிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது: "சினிமாவுல இல்லாததா? டிக்டொக்கப் போய்க் கேளுங்க." இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பாட்டுப் பதிவிலும் மேடை சவுண்டிலும் வேலை செய்பவர்கள் நாங்கள். இந்தப் பதில் செல்லாது என்று தொழில் கணக்கிலேயே சொல்லலாம்.

நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில் போகும் பாட்டில், நாலு தட்டுள்ள ஒரு பார் இரண்டரை விநாடி. ஹூக் என்பது பாட்டில் திரும்பத் திரும்ப வரும், மனதில் நிற்கும் பகுதி; எட்டு பார் ஹூக் 20 விநாடி. பாட்டு முடிவதற்குள் மூன்று, நான்கு தடவை திரும்ப வரும். வம்புக்குரிய சொல் பெரும்பாலும் அந்த ஹூக்கில், அதுவும் பாரின் முதல் தட்டில்தான் விழுகிறது. எழுதும்போது, பாடும்போது, கனம் சேர்க்க அதே வரியை இடமும் வலமும் மறுபடி பதியும்போது (இதுதான் டபிள்), எல்லாச் சத்தத்தையும் சேர்க்கும் மிக்ஸிங்கில் அந்தச் சொல்லுக்கு மட்டும் எக்கோ போடும்போது என்று நாலு இடத்தில் "இருக்கட்டும்" என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அங்கே எந்தச் சினிமாக்காரர் உட்கார்ந்திருந்தார்?

ஒப்பீடும் பொருந்தவில்லை. தியேட்டருக்கு வரும் படம், இலங்கையின் 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி இயங்கும் தணிக்கைச் சபையைத் தாண்ட வேண்டும். யூடியூப் பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. படத்தில் வில்லன் பேசினால் பதில் பேச இன்னொரு பாத்திரம் இருக்கும். காமன் எரிந்தானா இல்லையா என்று இரு தரப்பும் பாட்டிலேயே வாதாடும் காமன் பண்டிகை லாவணியில்கூட எரிந்த கட்சிக்கு எரியாத கட்சி உண்டு. ஏச்சு வந்தாலும் எதிர்ப்பாட்டு வரும். ராப்பில் "நான்" என்று பாடுபவர் ஒருவர்தான்.

விமர்சிப்பவர்களிடமும் ஓரவஞ்சனை இருக்கிறது. இந்தியப் படக் குத்துப்பாட்டுக்கு ஆடிவிட்டு, தோட்டத்துப் பையன் பாடினால் மட்டும் கொதிக்கிறார்கள். பாடகர்கள் அதைத் தாராளமாகச் சொல்லிக் காட்டட்டும். பிறகு தங்கள் வரிக்கு வரட்டும். 1985 செப்டம்பர் 19இல் அமெரிக்க செனட் விசாரணையில் ராக் பாடகர் டீ ஸ்னைடர் அதைத்தான் செய்தார். பாலியல் வன்முறைப் பாட்டு என்ற குற்றச்சாட்டுக்கு, அது அறுவைச் சிகிச்சைக்குப் பயப்படுபவனைப் பற்றியது என்று தம் வரியையே எடுத்து விளக்கினார். ஒத்துக்கொள்வதும் விடுவதும் கேட்பவர் பாடு.

ஸ்டூடியோவில் இருப்பவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று. கோயில் திருவிழாவுக்கு மரத்தில் கட்டும் ஹோன் ஸ்பீக்கரில் சுமார் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள சத்தம் ஏறக்குறைய வராது. பேஸும், கிக் என்ற பெரிய டிரம் அடியும் அதோடு போய்விடும்; மனிதக் குரலின் பகுதிதான் முன்னுக்கு நிற்கும். ஸ்டூடியோவில் பீட்டுக்குள் பாதி அமுங்கியிருந்த சொல், எதிர்மலை லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) போகும்போது மொட்டையாகக் கேட்கும். அங்கே பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பவர் சேனல் மாற்ற முடியாது.

குரல் ட்ரக்குகளைத் தனித்தனியாக வைத்திருந்தால், கோயிலுக்கும் பஸ்ஸுக்கும் வேறொரு பதிப்பு எடுப்பது பெரிய வேலையில்லை. பலர் பிரதான குரலை மட்டும் மியூட் செய்துவிட்டு, டபிள் ட்ரக்கையும் எக்கோவின் வாலையும் மறந்துவிடுகிறார்கள். சொல் மெலிதாகக் கேட்டு, முன்னைவிடக் காதை இழுக்கும். பீப் போடுவது இன்னும் மோசம். விட்ட இடத்தைப் பிள்ளைகளே நிரப்பிப் பாடுவார்கள். அதே குறில் நெடில் அளவில் வேறு சொல் எழுதி, அந்த ஒரு வரியை, டபிளையும் சேர்த்து, திரும்பப் பதிவதுதான் சரி. அசல் பதிப்பை ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும்போது 'எக்ஸ்பிளிசிட்' (கொச்சையான வரிகள் உள்ளது) என்று குறிக்கலாம். யூடியூபிலும் 18 வயதுக் கட்டுப்பாடு போடலாம்.

திருவிழாக் கமிட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பாட்டுகளை முதல் நாளே சவுண்ட்காரரிடம் கொடுங்கள். தேர் புறப்படும் நேரத்தில் பென் டிரைவை நீட்டினால், ஒன்றையும் போட்டுக் கேட்டுப் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு, மேடை ஒலியமைப்புத் தொழிலில் உள்ள சிலர்,
ஹட்டன்.