சோதனையில் ஒருவர் 32-க்கு 30 வாங்கினார், சரி. தவறிய இரண்டு எவை?

மரபுவழி நெற்றி-பொட்டு மடல் மறதிநோய் (மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியும் சுருங்கும் நோய்) ஆய்வுகளில் பொருளறிவுச் சோதனைகளை, அதாவது எது என்ன என்ற அறிவைச் சோதிப்பவற்றை, வகுப்போருக்கும் நடத்துவோருக்கும்,

வணக்கம்.

ஒட்டகப் படத்தைக் காட்டி, கீழே உள்ள நான்கு செடிகளில் எது இதோடு சேரும் என்று கேட்கிறீர்கள். (ஒட்டகத்துக்குக் கள்ளிதான் துணை என்பது அறிவா, படம் பார்த்த பழக்கமா என்பது தனி வழக்கு.) இந்தச் சோதனையின் 32 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சராசரியாக எட்டு சரியாகிவிடும். நோய் வெளிப்படாதவர்களோ பெரும்பாலும் உச்சத்தை ஒட்டியே நிற்பார்கள். அங்கே ஒன்றிரண்டு குறைந்தால் அது நோயா, அசட்டையா, அந்தப் பொருளையே கண்டிராததா என்பதைக் கூட்டுத்தொகை சொல்லாது.

இந்த நோயைத் தரும் முக்கிய மூன்று மரபணுக்களில் ஒன்றான எம்.ஏ.பி.டி.-யில் மாற்றம் உள்ளவர்களிடம் இது பெரிய இழப்பு. பொருளறிவுக்கு ஆதாரமான பொட்டு மடலின் (காதுப் பக்கத்து மூளைப் பகுதியின்) முன்பகுதிதான் அவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் சுருங்குகிறது, அதுவும் இரு பக்கமும். ஜி.ஆர்.என். மாற்றத்தில் சுருக்கம் ஒரு பக்கம் சாயும். சி9ஓஆர்எஃப்72 மாற்றத்தில் பரவலாக இருக்கும். மூன்றையும் ஒரே சராசரியில் கொட்டினால் முதல் குழுவின் சரிவு கரைந்துபோகும்.

எனவே ஒரே பொருளைப் பல வழியில் சோதியுங்கள். வரிக்குதிரைப் படத்துக்குப் பெயர் கேளுங்கள். பெயர் வராமல் "உடம்பெல்லாம் கோடு, புல் தின்னும்" என்றால் சிக்கியிருப்பது சொல் மட்டுமே. "குதிரை" என்றால் அதை அப்படியே எழுதுங்கள். அடுத்த ஆண்டு அது "ஏதோ மிருகம்" ஆகலாம். பிறகு பெயரை நீங்களே சொல்லி, ஒத்த விலங்குகளின் பத்துப் படங்களில் தொடச் சொல்லுங்கள். கழுதையைத் தொட்டால் அறிவே தேய்கிறது என்று சந்தேகிக்கலாம். கடைசியாக வரையச் சொல்லுங்கள். பார்த்து வரையும்போது இரண்டு காலோடு வரும் வாத்து, படத்தை மறைத்துச் சில நொடி கழித்து வரைந்தால் நான்கு காலோடு வருவதுண்டு.

மொழிபெயர்த்த சோதனையில் படத்தை மாற்றினால் கடினமும் மாறும். நலமானவர்களே தவறும் கேள்வியை நீக்குங்கள். மரபணு மாற்றமில்லாத உறவினர்களே சிறந்த ஒப்பீடு. மொழியும் வளர்ப்பும் பெரும்பாலும் ஒன்று. ஆண்டுதோறும் அதே படங்களைக் காட்டினால் பழக்கமே மதிப்பெண்ணை ஏற்றிவிடும், மாற்றுத் தொகுப்பு வைத்திருங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50% வாய்ப்பு. பலர் தம் மரபணுச் சோதனை முடிவை அறிய விரும்புவதில்லை. சோதிப்பவருக்கும் அது தெரியக் கூடாது. சிலரிடம் மட்டும் கூடுதலாகத் துருவினால் அதுவே முடிவைக் காட்டிக் கொடுத்துவிடும். கேட்பதானால் எல்லாரிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
சோதனை மேசையின் இந்தப் பக்கம் அமர்பவர்கள்