மாரீயில் நின்று இன்னொரு தரம் பார்

அடிலெய்ட்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ரெலிபோனில் உன் மூத்தவன் குறுக்கே குறுக்கே கதைத்ததால் நீங்கள் கரவனை (இழுத்துப் போகிற வண்டி வீடு) கொழுவிக்கொண்டு ஊட்னடாட்டா ட்ராக் என்ற மண் றோட்டில் போகப்போவதைப் பற்றி நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. அதுதான் எழுதுகிறேன். "பிள்ளையளை வெருட்டாதேங்கோ" என்று அம்மா பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறா.

"ஒரு கிழமையா வானிலை பாக்கிறம் அப்பா, மழை இல்லை" என்றாய். வானிலை வேறு, றோட்டு வேறு பிள்ளை. வவுனியாப் பக்கம் பெய்த மழை கனகராயன் ஆற்றோடு இறங்கி வந்து, கிளிநொச்சியில் வெயில் எறிக்கிற நேரம் இரணைமடு வான் பாயும் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது நாள் கணக்கு. இங்கே குயின்ஸ்லாந்தில் பெய்த மழை கூப்பர் கிரீக், டயமன்டினா ஆறுகளில் ஊர்ந்து ஊர்ந்து ஏர் ஏரிப் பக்கம் வந்து சேரக் கிழமைக்கணக்கு, சில வருசம் மாதக்கணக்கு. அந்த நேரம் பேர்ட்ஸ்வில் ட்ராக் என்ற மண் றோட்டில் நின்றால் தலைக்கு மேலே முகிலே இராது, முன்னால் ஆறு ஓடும். காரைநகர் - ஊர்காவற்றுறைப் பாதை (வாகனம் ஏற்றும் மிதவை) மாதிரி ஒன்றில் ஏற்றித்தான் வாகனங்களை அக்கரை சேர்ப்பார்கள்.

நீங்கள் போவது ஊட்னடாட்டா ட்ராக். அங்கே எதிரி களிமண். ஓர் இரவு நல்ல மழை போதும், மண் சவர்க்காரமாய் வழுக்கும், சில்லைச் சுற்றி அப்பும். பின்னால் இரண்டு தொன் கரவன் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் இழுக்கும். ஈர மண்ணில் ஓடி விழுந்த தடம் காய்ந்தால் கொங்கிறீற்று மாதிரி இறுகிவிடும். அதற்காகவும்தான் றோட்டைப் பூட்டுகிறார்கள். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்பவும் பத்திக்கொண்டு வரும்.

எங்கள் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. புறப்பட முதல் நாள் இரவு போக்குவரத்துத் திணைக்களத்தின் றோட்டு நிலவரத்தைப் பார்த்தேன். "திறந்திருக்கிறது" என்பதை வாசித்தேன், "ஃபோர் வீல் ட்ரைவ் வாகனத்துக்கு மட்டும்" என்ற அடுத்த வரியை வாசிக்கவில்லை. கிட்டத்தட்ட 700 கிலோமீற்றர் ஓடி ட்ராக் தொடங்குகிற மாரீ ஊருக்கு வந்தபோது றோட்டு நிலவர அறிவிப்புப் பலகையிலும் அதேதான் போட்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று ட்ராக்கில் இறங்கினேன். ஒரு மணித்தியாலத்தில் புத்தி வந்தது. ஆனால் கரவனோடு திரும்ப இடம் எங்கே? ஓரமெல்லாம் சேறு. கழற்றுவம் என்று ஜக்கை வைத்தால் ஜக்கே மண்ணுக்குள் போய்விட்டது. அந்த வழியால் வந்த ஒரு மாட்டுப்பண்ணைக்காரர் தன் வாகனத்தில் கிடந்த பலகையைத் தந்து, கீழே வைத்துத் தூக்கித் திருப்பிவிட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. அம்மா அதையும் சேர்த்து மூன்று நாள் ஏசினா.

ஆகையால், முதல் நாள் இரவும் பார், காலையிலும் பார், மாரீயில் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றும் பார். ஒவ்வொரு றோட்டுக்கும் தனி வரி இருக்கும். பெரிய ட்ராக் திறந்திருக்கிறது என்பதற்காக ஏரிக்கரை ஹலிகன் பே போகிற கிளையும் திறந்திருக்கும் என்றில்லை. திறந்திருந்தாலும் அதுக்குள் கரவனைக் கொண்டுபோகாதே, வில்லியம் கிரீக்கில் விட்டுவிட்டுப் போங்கோ. மற்றப் பக்கமிருந்து வருகிறவர்களை மறித்துக் கேள், அவர்கள் சில்லில் அப்பியிருக்கிற மண்ணையும் பார். ஈரமாயிருந்தால் அவர்கள் சொல்லத் தேவையில்லை.

டீசல் கிடைக்கிற இடங்கள் மாரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா. இடையில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 10 லீற்றர். கைத்தொலைபேசியை நம்பாதே, சற்றலைட் போன் ஒன்று வாடகைக்கு எடுங்கோ. கரவன் காப்புறுதியில் தார் போடாத றோட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மருமகனை வாசிக்கச் சொல்லு.

லீவில் இரண்டு மூன்று நாளைக் கையில் வைத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ. நாள் இல்லாதவன்தான் பூட்டின றோட்டில் இறங்குவான். தார் றோட்டும் தப்பாது. 2022 ஜனவரி மழையில் கிளெண்டாம்போப் பக்கம் ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையே அறுந்து கிடந்தது. மறிபட்டால் மாரீயிலேயே கிடந்து பழைய கான் ரயில் எஞ்சின்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கோ. கவட் ஸ்பிரிங்ஸ் ஊற்றுத் தண்ணீரில் அடுத்த வருசமும் குளிக்கலாம்.

மாட்டுப்பண்ணைக்காரர் தந்த அந்தப் பலகை இன்னும் என் கராஜில் கிடக்கிறது. போகிற வழியில் இங்கே ஒரு இரவு தங்குவீர்கள்தானே, ஜக்கோடு ஏற்றிக்கொண்டு போங்கோ. அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா.

அன்புடன்,
அப்பா