ரைனில் தண்ணீர் இல்லையென்றால் கிளம்பும் முன் சொல்லுங்கள்

ஐரோப்பிய ஆற்றுக் கப்பல் பயணங்களைத் தமிழ்நாட்டில் விற்கும் பயண நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஜெர்மனியின் ரைன் ஆற்றில் கப்பல் பயணம் போனவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆற்றில் தண்ணீர் குறைந்ததால் கப்பல் கொலோன் நகரில் கட்டிக் கிடந்தது. பயணிகள் பஸ்ஸில் போனார்கள்.

வறட்சிக்கு உங்களை யாரும் குற்றம் சொல்லவில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: கப்பல் ஓடாது என்பது தெரிய வந்தால் விமானம் ஏறும் முன் எழுத்தில் சொல்லுங்கள்; வேண்டாம் என்பவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

'ஆற்றின் போக்கை யார் அறிவார்' என்ற பதில் இங்கே பொருந்தாது. நடு ரைனில் கப்பல் போகுமா என்பதைக் காவ்ப் என்ற ஊரின் அளவுகோல் சொல்லிவிடும். அங்கே ஆற்றின் அடி பாறை, ஆழமும் குறைவு. அளவுகோலின் சுழியம் ஆற்றின் அடியில் இல்லை என்பதால் அது காட்டும் எண்ணும் ஆழமும் ஒன்றல்ல. அளவுகோல் 78 செ.மீ. காட்டினால் கப்பல் வழித்தடத்தில் சுமார் 1.90 மீட்டர் ஆழம் இருக்கும். 40 என்றால் ஒன்றரை மீட்டர்தான். 135 மீட்டர் நீளமுள்ள பயணக் கப்பல் தண்ணீருக்குள் அமிழும் ஆழமே ஏறக்குறைய அவ்வளவு. 2018 அக்டோபரில் காவ்ப் அளவு 25 செ.மீ. வரை இறங்கியது, உங்கள் விளம்பரத் தாள்களில் நடு ஆற்றில் நிற்கும் ப்ஃபால்ஸ்கிராஃபன்ஷ்டைன் கோட்டைக்கு அப்போது மக்கள் நடந்தே போனார்கள். 2022 ஆகஸ்டிலும் ஏறக்குறைய அதே நிலைதான்.

தென்மேற்கு ஜெர்மனியின் இஃபெஸ்ஹைம் என்ற ஊருக்குக் கீழே கடல் வரை ரைனின் முக்கியப் பாதையில் நீரைத் தேக்கி உயர்த்த ஓர் அணைகூட இல்லை. அதனால் மழையோ பனி உருகலோ இல்லாமல் ஆழம் அதிகரிக்காது. காவ்ப் அளவை யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஜெர்மன் நீரியல் நிறுவனம் ஆறு வாரம் வரைக்கும் முன்கணிப்பு வெளியிடுகிறது. ஆறு வாரக் கணிப்பு உறுதியானதல்ல, ஒப்புக்கொள்கிறோம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் நிலைமை தெளிவாகவே இருக்கும். அந்த வாரத்தில் உங்களிடமிருந்து வந்த செய்தியோ, குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லித்தான்.

பஸ் என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் ஆற்றுக் கப்பலைத் தேர்ந்தெடுப்பதே, பெட்டியை ஒரே முறை பிரித்தால் போதும், கழிப்பறை பத்தடியில் இருக்கும் என்பதற்காக. கொலோனிலிருந்து, பள்ளத்தாக்கின் மறுமுனையில் உள்ள ரூடெஸ்ஹைமுக்குப் பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். எழுபது வயதுக்காரர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் செங்குத்தான படியில் இறங்கி ஏற வேண்டும். நெடுஞ்சாலைக் கழிப்பறைக்கு ஒரு யூரோ நாணயத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். ஆழமில்லாத பகுதிக்கு அப்பால் நிற்கும் வேறு கப்பலுக்கு மாற்றினால் இன்னும் மோசம்: விடியற்காலையில் பெட்டி கேபின் வாசலுக்கு வந்துவிட வேண்டும், புதுக் கேபின் மாலையில்தான் கிடைக்கும். மாத்திரை அந்தப் பெட்டிக்குள் போய்விட்டால் அன்றைய வேளை தவறியதுதான். இத்தனைக்குப் பிறகும் காண வந்த பள்ளத்தாக்கு கண்ணில் படுவதில்லை. யுனெஸ்கோ 2002-ல் பட்டியலில் சேர்த்த அந்த 65 கிலோமீட்டர் ஆற்றங்கரையை விட்டுவிட்டு, நெடுஞ்சாலை மேட்டுநிலத்தின் மேல் போகிறது.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. மைன்ஸிலிருந்து கோப்லென்ஸுக்கு இடது கரை ரயிலில் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வைத்தாலே பஹாராக், லோரலை பாறை, கோட்டைகள் எல்லாம் தெரியும். ரைனின் துணையாறான மோசலில் அணைகளும், கப்பலை ஏற்றி இறக்கும் மதகுப் பூட்டுகளும் இருப்பதால் வறட்சியிலும் கப்பலுக்கு ஆழம் கிடைக்கும். இப்படி ஒரு மாற்றுத் திட்டத்தை முன்பதிவின்போதே எழுதித் தர முடியும்.

அதே கப்பலில் பக்கத்துக் கேபின் ஜெர்மானியருக்கு, தொகுப்புச் சுற்றுலா பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 நெறிமுறைப்படி, முக்கிய அம்சம் பெரிதாக மாறினால் கிளம்பும் முன் கட்டணமின்றி விலகும் உரிமை உண்டு. வழியில் மாறினால் விலைக் குறைப்பு கேட்கலாம். வறட்சி என்ற காரணம் நஷ்டஈட்டைத் தடுக்கலாம், விலைக் குறைப்பைத் தடுக்காது. இங்கே பணம் கட்டியவருக்கு நீங்கள் கொடுப்பது 'பயணத் திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது' என்ற ஒற்றை வரி. விசாவுக்கு வங்கிக் கணக்கு, வருமானவரிப் படிவம், கைரேகை வரை கொடுத்து, பிள்ளைகள் சேர்த்துத் தந்த பணத்தில் ஒரே முறை போகிறவர்கள் இவர்கள். கட்டிக் கிடந்த கப்பலுக்கும் நாள் கணக்கில் டிப்ஸ் வசூலித்தீர்கள். சைவச் சாப்பாடு என்று கேட்டவருக்குத் தினமும் அதே பாஸ்தா. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிப் பேசுகிறது என்பதை நினைவூட்டுகிறோம்.

கோபத்தில் கேட்க வந்ததை விட்டுவிட்டுப் போக விரும்பவில்லை. கிளம்பும் முன் சொல்லுங்கள். காவ்ப் அளவு எவ்வளவுக்குக் கீழே போனால் உங்கள் கப்பல் ஓடாது, வெள்ளத்தில் எவ்வளவுக்கு மேலே போனால் நிற்கும் என்ற இரண்டு எண்களையும், விலகினால் திரும்பக் கிடைக்கும் தொகையையும் அடுத்த ஆண்டு முன்பதிவுப் படிவத்தில் தமிழிலேயே அச்சிட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ரைன் பயணம் சென்று திரும்பியவர்கள்