அப்பாவின் சீடி 125

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பேராதனையில் இடம் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

உன் அப்பாவின் ஹொண்டா சீடி 125 மோட்டார் சைக்கிளை விற்பதா, குறைந்த செலவில் வீட்டிலேயே உன் விருப்பப்படி மாற்றி ஓடுவதா என்று கேட்டிருக்கிறாய். விற்காதே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறிய பின்னர், 2025இல் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும் புது வண்டியின் விலை நம் போன்றவர்களின் கைக்கெட்டும் தூரத்துக்கு இறங்கவில்லை. இரட்டைச் சிலிண்டர் கொண்ட அந்தச் சின்ன எஞ்சின் பொறுமையாகப் பராமரித்தால் இன்னும் நெடுநாள் உழைக்கும்.

நீ அனுப்பிய படங்களில் உள்ளதுபோலப் பின்புறச் சட்டத்தை அறுத்துத் தட்டையான சீற் பொருத்த மட்டும் முனையாதே. அறுத்தால் வெல்டிங் செய்து ஒட்டவேண்டும், ஒட்டினால் அதன் பலத்தை யார் உறுதிப்படுத்துவது? அங்கேதான் காசு கரையும். நட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றங்களோடு நின்றுகொள். பின் கரியரையும் முன்புறக் காவற்கம்பியையும் கழற்றி, சற்றுத் தாழ்ந்த ஹாண்டில் ஒன்றைப் போட்டு, பழைய சீற்றின் பஞ்சை மெலிதாகச் செதுக்கிப் புதிய உறை தைப்பித்தாலே வண்டி வேறொன்றாகிவிடும். சங்கிலியை மூடியிருக்கும் தகரப்பெட்டியைக் கழற்றச் சொல்பவர்கள் பலர். அழகுக்காக அதை இழப்பது மடமை என்பேன். மணலும் மழைநீரும் சங்கிலியை அண்டாமல் காப்பது அதுவே. சைலன்ஸரையும் காற்று வடிகட்டியையும் தொடாதே. அவை இரண்டையும் திறந்துவிட்டால் காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவை எரியும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும், காபரேற்றரில் பெற்றோலை அளந்துவிடும் ஜெற்றையும் மாற்றவேண்டிவரும். போதாக்குறைக்குப் பொலிஸாரும் மறிப்பார்கள்.

முதற்காசு பிரேக்குக்கும் ரயருக்கும் போகட்டும். பிரேக் ட்ரம்மைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடு. பழைய பிரேக் ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கக்கூடும். ரயர் வாங்கும்போது பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைப் பார். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடையில் பளபளத்தாலும் கிழட்டு ரயர்தான். சிக்னல்களுக்கு எல்ஈடி பல்ப் போடுவதாயின் பழைய பிளாஷரையும் மாற்றிவிடு, ஏனெனில் அந்தப் பல்புகள் இழுக்கும் மின்னோட்டம் போதாமல் பழையது சரியாகச் சிமிட்டாது.

பெயிண்ட் விடயத்தில்தான் எனக்கு நீண்ட அபிப்பிராயம் உண்டு. மட்கார்டையும் பக்க மூடிகளையும் வீட்டிலேயே ஸ்ப்ரே ரின்னால் அடித்துவிடலாம். துருவைச் சுரண்டி, 240, 400, 800 என்று படிப்படியாக மென்மையான அரத்தாளுக்குப் போய், அடிப்பூச்சான பிறைமர் நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய பூச்சுகளாக அடிக்கவேண்டும். ஆனால் மழைநாளில் அடிக்காதே. தின்னர் ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, நிறம் பாலாடை போர்த்தியதுபோல் வெளுத்துவிடும். கடலோரத்தில் இருக்கும் எனக்கு மே மாதம் தொடங்கினால் நல்ல வெயில் நாளுக்குக் காத்திருப்பதே பெரிய வேலை. உனக்கு யாழ்ப்பாணத்தில் ஐப்பசி வரைக்கும் அந்தக் கவலை இல்லை. பெற்றோல் டாங்கியை மட்டும் கார் பெயிண்டரிடம் கொடு. சாதாரண ஸ்ப்ரே பூச்சு பெற்றோல் சிந்தினால் இளகிவிடும். அதற்குத் தாக்குப்பிடிக்கும் இரட்டைக் கலவைக் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேற்பூச்சின் புகை நுரையீரலுக்குக் கேடு, தகுந்த முகக்கவசமின்றி வீட்டு விறாந்தையில் செய்யும் வேலையல்ல அது.

நிறத்தை மாற்றுவதாயின் பதிவுப் புத்தகத்திலும் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்பாவின் அதே நிறத்தையே அடித்தால் அந்த அலைச்சலும் மிச்சம், அம்மாவுக்கும் ஆறுதல். சட்டத்துக்குப் பெயிண்ட் அடிக்கும்போது சேசிஸ் இலக்கத்தின்மேல் தடிப்பாகப் பூசிவிடாதே.

உதிரிப்பாகங்களுக்கு நான் பஞ்சிகாவத்தைக்குப் போய்வருகிறேன். பெயர் சொல்லிக் கேட்பதைவிடக் கழற்றிய பழைய சாமானை மேசையில் வைப்பதே மேல். கடைக்காரர் பார்த்தவுடன் ஒப்பிட்டு எடுத்துத் தருவார், விலையையும் மனம்போனபடி ஏற்றமாட்டார். ஆகையால் தேவையானவற்றைக் கழற்றிச் சுற்றி பஸ்ஸில் அனுப்பிவிடு.

அதற்கு முன், டாங்கியின் மூடியைத் திறந்து டோர்ச் அடித்து உள்ளே பார். துரு மேலோட்டமாக இருந்தால் வினாகிரி நிரப்பி ஓரிரு நாள் ஊறவிட்டு, அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் சுற்றிவிடலாம். அடிப்பக்கம் ஓட்டையாகியிருந்தால் வெல்டிங் செய்து ஒட்டுவதற்கு யாரிடமும் கொடுக்காதே; உள்ளே தங்கிய பெற்றோல் ஆவி வெடிக்கும். எந்த நிலையில் இருக்கிறதென்று எழுது, நான் இங்கே வேறொன்று தேடிப்பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்