எங்கள் கிணறுகளைச் சோதியுங்கள்

மாசுக் கட்டுப்பாடு, வேளாண்மை, கால்நடைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாமக்கல் பக்கம் மூன்று ஏக்கரில் மரவள்ளியும் சின்ன வெங்காயமும் போட்டு, நாலு மாடு வைத்துப் பிழைக்கிறவன் எழுதுகிறேன். இங்கே எத்தனை கோழிப்பண்ணை, எவ்வளவு எரு என்றெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

போன மாசியில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தாய்ப்பால் போதாமல் பேத்திக்குப் பால்மாவு கரைத்தோம். கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவைத்து, ஆறவைத்துத்தான் கொடுத்தோம். பார்க்க வந்த நர்ஸம்மா, "தண்ணீரைச் சோதிச்சீங்களா?" என்று கேட்டார். சோதித்தோம். நைட்ரேட் என்கிற உப்பு குடிதண்ணீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எங்கள் கிணற்றில் அதற்கு இரண்டு மடங்கு இருந்தது. கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும் என்றார். கைக்குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு சேராமல் உடம்பே நீலம் பாரித்துவிடுமாம். என் மனைவி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தினமும் கொதிக்கவைத்தவள் அவள்தான். நிறம் இல்லை, வாடை இல்லை, ருசியிலும் மாற்றம் இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?

பேத்தி நன்றாக இருக்கிறாள். கேன் தண்ணீர் வாங்குகிறோம். மாடுகளுக்குக் கேன் வாங்க வழியில்லை, அதே கிணற்றைத்தான் காட்டுகிறோம்.

ஐப்பசி மழைக்கு முன்னாலேயே மேட்டுக்காட்டில் கோழி எருவை லோடு லோடாகக் கொட்டிவைக்கிறார்கள். மேலே ஒரு தார்ப்பாய் கூடக் கிடையாது. எருவில் இருக்கிற தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நைட்ரேட்டாக மாறி மழையில் கரைந்து கிணற்றுக்கு இறங்குகிறது. நானும் கோழி எரு போடுகிறவன்தான், இதில் எனக்கும் பங்கு உண்டு. எருவைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் மண் செத்துவிடும். ஏக்கருக்கு எவ்வளவு போடலாம், எப்போது போடக் கூடாது என்று சொல்லுங்கள். எங்கள் கிணறுகளைச் சோதியுங்கள்.

45 கிலோ யூரியா மூட்டை ஒன்று வாங்க ஆதார் காட்டி விரல்ரேகை வைக்கிறேன். ஒரு டன் காய்ந்த கோழி எருவிலும் ஏறக்குறைய அந்த மூட்டையில் இருக்கிற அளவு தழைச்சத்து இருக்கிறது. பத்து டன் கொட்டினாலும் கேட்க ஆளில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் கோழி வைத்தால் பண்ணைக்கு அனுமதி வேண்டும் என்கிறீர்கள். சரி. அந்த எரு டிராக்டரில் ஏறி வெளியே வந்த பிறகு யார் பொறுப்பு? மனுவோடு போனேன். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது. மூன்று நாள் கூலி போனது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை கிணறுகளைச் சோதித்து, வந்த கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. தயவுசெய்து அதற்குள் ஆள் அனுப்புங்கள். தண்ணீர் சேந்திக் கொடுக்க நான் தோட்டத்தில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
நாமக்கல் பக்கத்து விவசாயி