ஏட்டி, கையை இறக்கு!

அன்புள்ள எல்லாருக்கும்,

கொரோனாவோடு மருத்துவமனையில் கிடந்துவிட்டு நான் வீடு திரும்பி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. எட்டுப் படி ஏறினால் நின்று மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது. மற்றபடி நலம். எந்தக் கட்டிலில் எத்தனை நாள் கிடந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு என் மாமியார் போனில் சொல்லி முடித்திருப்பார். ஆகவே நேராக நன்றிக்கு வருகிறேன்.

பலருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்வது மரியாதையில்லைதான். ஆனால் என்னிடம் இப்போது இருக்கும் மூச்சு அவ்வளவுதான். ஊரடங்கில் வெறிச்சோடிக் கிடந்த சுலோச்சன முதலியார் பாலத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்த 108 ஓட்டுநருக்கு, இரவு இரண்டு மணிக்கு வந்து குப்புறப் படுக்கவைத்து நெஞ்சுக்கடியில் தலையணை செருகிவிட்டுப் போன பயிற்சி மருத்துவர் தம்பிக்கு, என் நைட் டியூட்டிகளைப் பங்குபோட்டுக்கொண்ட தோழிகளுக்கு நன்றி. மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்க வைத்திருந்த திரவ ஆக்சிஜனை டேங்கர் லாரியில் மருத்துவமனைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கும்தான். எனக்குள் போனதில் அதில் ஒரு மூச்சாவது இருந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? என் மகனோ, "அம்மா ராக்கெட் ஆக்சிஜனில் ஓடுகிறாள்" என்று தன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பிறகு எங்கள் தெரு. முறைவைத்து உளுந்தங்கஞ்சியும் மிளகு ரசமும் கொடுத்து என் வீட்டு ஆட்களைக் காப்பாற்றிய தெரு. நான் திரும்பி வந்த அன்று சொதி வந்தது. நாக்கில் உப்பும் தெரியவில்லை, மூக்கில் மணமும் தெரியவில்லை. அந்தச் சொதியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. யார் வீட்டுச் சொதியோ, ஒரு மாதம் கழித்து மறுபடியும் அனுப்பினால் நன்றாக இருக்கும்.

நான் எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக.

நான் நர்ஸாக வேலை பார்க்கும் கொரோனா வார்டில் தூய்மைப் பணி செய்பவர் அவர். நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுவோம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒப்பந்த ஊழியர். முன்னீர்பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து, பஸ் ஓடாத நாட்களில் மகனின் பைக்கில் வந்து இறங்குவார். எழுதப் படிக்கத் தெரியாது. இந்த வேலைக்கு வருவதற்கு முன் இருபது வருடம் பீடி சுற்றியவர்.

கவச உடையைப் போடும்போது நாங்கள் எல்லாரும் கவனமாகத்தான் இருப்போம். உள்ளே போகிற பயம் கவனத்தைத் தானே கொண்டுவந்துவிடும். கழற்றும்போதுதான் ஆபத்து. ஆறு மணிநேரம் தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, வியர்வையில் கால்கள் ஊறிப்போயிருக்கும். மனம் நமக்கு முன்னால் குளியலறைக்கு ஓடிவிடும். உடையின் வெளிப்பக்கம் முழுக்க வார்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உள்புறம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றவேண்டும். முகக்கவசம் கடைசியில்தான். அதையும் பின்னாலிருக்கும் வாரைப் பிடித்துத்தான் எடுக்கவேண்டும், முன்பக்கத்தைத் தொடவே கூடாது. ஒவ்வொரு படிக்கும் நடுவில் கைச்சுத்தம். கழற்றுகிறவரைப் பார்த்து நின்று தவறைச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பது பயிற்சியில் சொன்னதுதான். ஏப்ரல் கடைசியில் நோயாளிகளைப் பார்க்கவே ஆள் இல்லை. கழற்றுகிறவரைப் பார்க்க ஆளுக்கு எங்கே போவது?

அந்த வேலையை அக்கா எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. கழற்றியதைப் போடும் சிவப்புப் பையும் மஞ்சள் பையும் நிறையும்வரை அவர் அங்கே நிற்கத்தானே வேண்டும், நிற்கிற நேரத்தில் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த படங்களை வைத்தே வரிசையை மனப்பாடம் செய்திருந்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரே சொல்தான் சொல்வார்: "கை." மருந்தைத் தடவுவோம். அடுத்தது. "கை." எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு டாக்டர் வேண்டுமென்றே தாமதித்துப் பார்ப்பார். அவர் தடவும்வரை அக்காவும் விடமாட்டார்.

அன்று குழாய் போட்டிருந்த ஒரு பெரியவருக்குச் சளியை உறிஞ்சி எடுத்துவிட்டு வந்திருந்தேன். நுண்துளிகள் அதிகம் கிளம்பும் வேலை அது. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். மூக்குத்தண்டில் என்-95 அழுத்திய இடம் அரித்தது. உள்கையுறை போட்ட விரல் தானாக மேலே போனது.

"ஏட்டி, கையை இறக்கு!"

நெல்லைச் சீமைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: ஏட்டி என்பது வீட்டுப் பெரியவர்கள் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுவது, கோபத்திலும் கொஞ்சலிலும். வேறு யாராவது சொன்னால் சண்டை வரும். என்னைக் கடைசியாக அப்படி அழைத்தவள் என் ஆச்சி. அவள் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

விரல் மூக்குக்கு இரண்டு அங்குலம் தள்ளி அந்தரத்தில் நின்றது. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "சிஸ்டர், வாய் தவறி வந்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் பேசாமல் கையைச் சுத்தம் செய்துவிட்டு வெளியே போனேன். பதினெட்டு வருட சர்வீஸ், என்னைப் பார்த்து ஏட்டியா என்று உள்ளே புகைந்தது. இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் இந்த நன்றியில் பாதி பொய்.

மூன்றாம் நாள் நானே போய்க் கேட்டேன், அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. "இருபது வருடம் விரலைத்தானே பார்த்தேன், சிஸ்டர்" என்றார். இலையைச் சுருட்டும்போது ஒரு விரல் அசந்தால் தூள் கொட்டிவிடும், பீடியைக் கழித்துவிடுவார்கள், கூலி போய்விடும். அப்படிப் பழகிய கண்.

பிறகும் எனக்கு வந்ததே என்பீர்கள். வார்டில் வரவில்லை என்பதுதான் என் கணக்கு. 2021 மே 12, செவிலியர் தினம். எங்கள் ஓய்வறையில் கேக் வெட்டினோம். ஜன்னல் சாத்தியிருந்தது, ஏசி ஓடியது, எட்டுப் பேர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு முட்டி இடிக்க உட்கார்ந்து சிரித்தோம். காற்றோட்டமில்லாத அறையில் இது காற்றில் மிதந்தே பரவும் என்று உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாக எழுதியது அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் முன்புதான். நாங்கள் படித்தும் இருந்தோம். நோயாளிக்குப் பயந்த நாங்கள் ஒருவருக்கொருவர் பயப்படவில்லை. இரண்டு தவணை ஊசியும் போட்டாயிற்று என்ற தெம்பு வேறு. அந்த எட்டுப் பேரில் நான்கு பேருக்குக் காய்ச்சல். மூன்று பேர் திரும்பிவிட்டோம். நான்காமவரைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். அவர் வீட்டார் இதைப் படிப்பார்கள்.

அந்த அறையில் அக்கா இல்லை. ஒப்பந்த ஊழியர்கள் அங்கே உட்காருவதில்லை. அவர்கள் தூக்குவாளியைத் திறப்பது வெளியே வேப்பமரத்தடியில். அங்கேதான் காற்று இருந்தது.

ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தபோது ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நாங்கள் எல்லாரும் கழற்றி முடித்து, பைகளைக் கட்டி, தரையைத் துடைத்த பிறகு, கடைசியில்தான் அக்கா தன் உடையைக் கழற்றுவார். எங்கள் எல்லாருடைய அழுக்கையும் தொட்ட கை. அப்போது அவருக்குக் "கை" என்று சொல்ல அங்கே யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை. ஒரு நாள்கூட நான் நின்றதில்லை.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன். என் ஷிப்டில் இனி அவர் கழற்றி முடிக்கும்வரை நான் வெளியே போகமாட்டேன். சாப்பாடும் வேப்பமரத்தடியில்தான், தள்ளித் தள்ளி உட்கார்ந்து. மற்றவர்களை நான் கட்டாயப்படுத்த முடியாது. என் தூக்குவாளியை நான் அங்கே கொண்டுபோகலாம் அல்லவா?

அவர் பெயரை எழுத ஆசைதான். போனில் அனுமதி கேட்டேன். "வேண்டாம் சிஸ்டர், காண்ட்ராக்ட்காரர் ஏதாவது சொல்வார்" என்றார். சிஸ்டர் வேண்டாம், அன்றைக்குக் கூப்பிட்டது போலவே கூப்பிடுங்கள் என்றேன். சிரித்தார், கூப்பிடவில்லை.

கடைசியாக எங்கள் தெருக்காரர்களுக்கு: வந்த பாத்திரங்களை எல்லாம் கழுவித் திண்ணையில் அடுக்கியிருக்கிறோம். பெரும்பாலும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒரு எவர்சில்வர் தூக்குவாளி மட்டும் நிற்கிறது. மூடியில் "சு.மா." என்று பெயர் வெட்டியிருக்கிறது, பிடியில் லேசாக ஒரு நெளிசல். யாருடையது என்று மாமியாருக்கும் தெரியவில்லை. காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்று கொஞ்சம் சர்க்கரை போட்டு வைத்திருக்கிறார். எறும்பு வருவதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.